வேட்பாளர் எந்த ஊர்க்காரர் என்பதில் யாருக்கு அக்கறை?

மணலி வாசகரின் கேள்வி, 10 செப்டம்பர் 2025

நேற்றுத் துணைக் குடியரசுத் தலைவர் தேர்தல் முடிந்துவிட்டது. திருப்பூரைச் சேர்ந்த சி.பி.ராதாகிருஷ்ணன் 452 வாக்குகளும், தெலங்கானாவைச் சேர்ந்த பி.சுதர்சன் ரெட்டி 300 வாக்குகளும் பெற்றனர். தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் இருக்கும் அணி தெலுங்கரை ஆதரித்தது. ஆந்திரத்தை ஆளும் தெலுங்கு தேசமோ தமிழரை ஆதரித்தது. அப்படியானால் வேட்பாளரின் சொந்த மாநிலம் வாக்காளர் மனத்தில் எந்த அசைவையும் உண்டாக்குவதில்லை என்றே நான் முடிவுகட்டுகிறேன். மறுப்பவர்கள் எழுதலாம்.

10 செப்டம்பர், இரவு

மறுக்கிறேன், ஆனால் பாதி மட்டும். நேற்று வாக்களித்தவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள். வாக்குச்சீட்டு ரகசியமானது, கொறடா உத்தரவும் அந்தத் தேர்தலில் செல்லாது என்பதெல்லாம் உண்மைதான். இருந்தும் அவர்களில் பெரும்பாலோர் கட்சி சொன்ன பக்கம் நிற்பவர்கள். அவர்களைக் கொண்டு, வட சென்னையின் கொருக்குப்பேட்டையில் வரிசையில் நிற்கும் வாக்காளரின் மனத்தை அளந்துவிட முடியாது.

இந்தத் தேர்தலில் மண்ணின் பெயரால் விடப்பட்ட வேண்டுகோள்களைக் கவனியுங்கள். தமிழர் ஒருவரை ஆதரிக்க வேண்டும் என்று பாஜகவும் அதிமுகவும் திமுகவைக் கேட்டன. தெலுங்கர் ஒருவரை ஆதரிக்க வேண்டும் என்று தெலங்கானா முதல்வர் ரேவந்த் ரெட்டி தெலுங்குக் கட்சிகள் அனைத்தையும் கேட்டார். இரண்டு வேண்டுகோளுக்கும் செவிசாய்க்க ஆளில்லை. தெலுங்கு தேசமும் ஒய்எஸ்ஆர் காங்கிரசும் ராதாகிருஷ்ணன் பக்கம் போயின. பாரத ராஷ்டிர சமிதி வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது.

இதே தெலுங்கு தேசம் 1991இல் வேறுவிதமாக நடந்துகொண்டது. பிரதமராகிவிட்ட பி.வி.நரசிம்ம ராவ் மக்களவைக்குள் நுழைய நந்தியால் இடைத்தேர்தலில் நின்றபோது, தெலுங்கர் ஒருவர் முதன்முறையாகப் பிரதமராகியிருக்கிறார் என்ற காரணத்தைச் சொல்லி என்.டி.ராமாராவ் அங்கே வேட்பாளரையே நிறுத்தவில்லை. ராவ் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அன்று அந்தப் பெருந்தன்மையால் என்.டி.ஆருக்கு நட்டம் எதுவும் இல்லை. அவர் வேட்பாளரை நிறுத்தியிருந்தாலும் பிரதமரைத் தோற்கடித்திருப்பாரா என்பது சந்தேகமே. நேற்று அவருடைய கட்சி அதே பெருந்தன்மையைக் காட்டியிருந்தால் கூட்டணியில் விரிசல் விழுந்திருக்கும். எனவே நான் பார்த்தவரையில், செலவில்லாத இடத்தில்தான் தலைவர்களுக்கு மண்பாசம் பொங்குகிறது.

11 செப்டம்பர்

அப்துல் கலாமை மறந்துவிட்டேனா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மறக்கவில்லை. 2002இல் திமுகவும் அதிமுகவும் ஒரே வேட்பாளரை ஆதரித்தன என்பது தமிழ்நாட்டு அரசியலில் அபூர்வக் காட்சி. ஆனால் கலாமை எதிர்த்து இடதுசாரிகள் நிறுத்திய கேப்டன் லட்சுமி சேகல் எங்கே பிறந்தார்? இதே சென்னையில், 1914இல். நேதாஜியின் படையில் பெண்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். மண்ணின் பெயரால் மட்டுமே வாக்கு விழுவதாக இருந்தால் இரண்டு வேட்பாளரில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று நம் உறுப்பினர்கள் திணறியிருக்க வேண்டும். யாரும் திணறியதாகச் செய்தி இல்லை.

மண்ணுக்காகக் கூட்டணியையே மீறிய சான்று வேண்டுமென்றால் 2007ஐப் பாருங்கள். தேசிய ஜனநாயகக் கூட்டணியில் இருந்துகொண்டே சிவசேனை, மராட்டியர் என்பதற்காக பிரதிபா பாட்டீலுக்கு வாக்களித்தது. மராட்டியர் உரிமை என்ற ஒன்றையே முதலாக வைத்துக் கடை திறந்த கட்சிக்கு வேறு வழியும் இருந்திருக்காது.

13 செப்டம்பர்

இனித் தலைவர்களை விட்டுவிட்டு வாக்காளரிடம் வருகிறேன். மாநிலம் என்று தொடங்கிய பேச்சைத் தொகுதி அளவுக்குச் சுருக்குகிறேன் என்று மணலி நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம். வெளிமாநிலத்தாரோ வெளியூராரோ, வாக்காளர் மனத்தில் எழும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்.

டி.எச். ரோடில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, ஆதார் என்று நகல் எடுக்க வருகிறவர்கள், கடையில் கூட்டம் இல்லாவிட்டால் இரண்டு வார்த்தை அரசியல் பேசாமல் போவதில்லை. ஆர்.கே.நகர் தொகுதியில் கடை வைத்திருப்பவனுக்கு 2015க்கும் 2017க்கும் இடையில் அரசியல் பேச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை, அவ்வளவு தேர்தல்.

முதலில் ஜெயலலிதா. அவர் பிறந்தது அன்றைய மைசூர் மாநிலத்து மேல்கோட்டையில். போடிநாயக்கனூர், பர்கூர், ஆண்டிபட்டி, ஸ்ரீரங்கம் என்று சுற்றிவிட்டு 2015 இடைத்தேர்தலில் எங்கள் தொகுதிக்கு வந்தார். ஸ்ரீரங்கத்தில் நின்றபோது அது தம் முன்னோர்களின் ஊர் என்று சொல்லிக்கொள்ள வழி இருந்தது. ஆர்.கே.நகரில் அப்படிச் சொல்ல எதுவுமில்லை. அவரும் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை. 1,60,432 வாக்குகள் பெற்றார். திமுக அந்தத் தேர்தலைப் புறக்கணித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2016 பொதுத்தேர்தலில் திமுக நின்றபோதும் அவர் 39,545 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

அவர் மறைந்த பிறகு 2017 டிசம்பரில் நடந்த இடைத்தேர்தல்தான் நம் கேள்விக்கு உண்மையான சோதனை. இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற இ.மதுசூதனன் இந்தப் பகுதிக்காரர். 1991இல் இதே தொகுதியில் வென்று கைத்தறித்துறை அமைச்சராக இருந்தவர். மண்ணின் மைந்தர் என்றுதான் பிரசாரமே நடந்தது. திமுக நிறுத்திய மருதுகணேசும் உள்ளூர்க்காரர். சுயேச்சையாக பிரஷர் குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி.தினகரனோ மன்னார்குடி வட்டாரத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். முடிவு எல்லோருக்கும் தெரியும்: தினகரன் 89,013, மதுசூதனன் 48,306, மருதுகணேஷ் 24,651. ஆளும் கட்சியின் சின்னமும் உள்ளூர் முகமும் சேர்ந்து தோற்றன. திமுக டெபாசிட்டையே இழந்தது.

வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரத்தில் கொருக்குப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா நகல் எடுக்க வந்தார். அறுபது வயது இருக்கும். கையில் கட்டைப்பை, பைக்குள் பிளாஸ்டிக் உறையில் குடும்ப அட்டை. "மதுசூதனன் உங்கள் பகுதிக்காரர்தானே, அவருக்குத்தானே போடுவீர்கள்?" என்று பேச்சுக்குக் கேட்டேன். அவர் உறையிலிருந்து அட்டையை உருவியபடியே, "தெரிஞ்சவருதான். இருவத்தஞ்சு வருசமா தெரியும். அதான் யோசிக்கிறேன்" என்றார். நகல் எடுத்து முடித்து, இரண்டு ரூபாயை எண்ணி மேசையில் வைத்துவிட்டு, யாருக்கு என்பதைச் சொல்லாமலே போய்விட்டார். உள்ளூர்க்காரராக இருப்பதன் விலை அந்தப் பதிலில் இருந்ததாக எனக்குப் பட்டது. வெளியூர்க்காரர் மீது நம்பிக்கை வைக்கலாம். உள்ளூர்க்காரர் மீது கணக்குதான் வைக்க முடியும்.

13 செப்டம்பர், இரவு

பணத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்ற கண்டனம் எதிர்பார்த்ததுதான். பணம் விநியோகிக்கப்பட்டதால்தான் 2017 ஏப்ரலில் நடக்கவிருந்த ஆர்.கே.நகர் தேர்தலைத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது; அதை யாரும் மறைக்க முடியாது. டிசம்பரிலும் தெருவெங்கும் அதே பேச்சு இருந்தது. ஆனால் பணம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று எடுத்துக்கொண்டாலும் என் வாதம் வலுக்கவே செய்கிறது. உள்ளூர்ப் பாசம் என்பது அவ்வளவு எளிதில் விலை போகக்கூடியது என்றால், அது தொடக்கத்திலேயே எவ்வளவு மெல்லியதாக இருந்திருக்க வேண்டும்?

15 செப்டம்பர்

வட சென்னை எப்போதுமே இப்படித்தானா, அல்லது ஜெயலலிதா என்ற ஒருவரின் பெயரால் வந்த பழக்கமா என்று பெரம்பூர் வாசகர் கேட்கிறார். நல்ல கேள்வி. பழைய கதை ஒன்றைச் சொல்கிறேன்.

என் அப்பா பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் வேலை பார்த்தவர். வீட்டில் அவர் மரியாதையோடு உச்சரித்த பெயர்களில் ஒன்று எஸ்.சி.சி.அந்தோணிப்பிள்ளை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்; லண்டனில் படித்தவர்; இலங்கையின் இடதுசாரி இயக்கத்திலிருந்து 1940களில் இங்கே வந்து, சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானவர். அந்தச் சங்கம் 1918இல் பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று தொடங்கியது. 1947இல் மில் தொழிலாளர் நடத்திய நெடிய வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிச் சிறை சென்றார் அந்தோணிப்பிள்ளை. பத்தாண்டு கழித்து, 1957 பொதுத்தேர்தலில், காங்கிரஸ் நாடெங்கும் கொடிகட்டிப் பறந்த காலத்தில், வட சென்னை மக்களவைத் தொகுதி அவரைச் சுயேச்சையாகவே தேர்ந்தெடுத்து அனுப்பியது.

சொந்த மாநிலம் என்ன, சொந்த நாடே வேறு! யாழ்ப்பாணத்துக்காரருக்கு ஏன் வாக்களித்தீர்கள் என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. போனஸ் பிரச்சினையில் துரைமார் எதிரே உட்கார்ந்து ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கக்கூடியவர், லாக்கப்பில் கிடந்தவர், சங்கத்துக்குப் போனால் பார்க்கலாம் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனாரே தவிர, யாழ்ப்பாணம் என்ற பெயரை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

அவர் தனிப்பட்ட விதிவிலக்கும் அல்லர். 1967, 1971 ஆகிய இரு தேர்தல்களிலும் வட சென்னையில் வென்ற மனோகரன், பெயருக்கு முன்னாலேயே நாஞ்சிலைச் சுமந்துகொண்டு திரிந்தவர். தமிழ்நாட்டின் தென்கோடியைப் பெயரில் வைத்திருந்தவரைத் தலைநகரத்தின் வடகோடி இருமுறை தேர்ந்தெடுத்தது. 1989, 1991 தேர்தல்களில் வென்ற தா.பாண்டியன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். துறைமுகம், மில், ரயில்வே பணிமனை என்று வேலைக்காகவே ஊர் ஊராக வந்து குடியேறியவர்களால் ஆன பகுதி இது. தெலுங்கு பேசுபவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வியாசர்பாடியில் ஊன்றிக்கொண்டார்கள். வடஇந்திய வணிகர்கள் நிறைந்த சௌகார்பேட்டையைச் சொல்லவே வேண்டாம். இங்கே யாராவது ஒருவர் எழுந்து "நீ எந்த ஊர்?" என்று வேட்பாளரைக் கேட்டால், பக்கத்தில் இருப்பவர் "நீ எந்த ஊர்?" என்று அவரையே திருப்பிக் கேட்டுவிடுவார்.

16 செப்டம்பர்

நான் சொன்னது பின்னாளில் மூடப்பட்ட அந்த பி அண்ட் சி மில்லைத்தானா என்று கேட்ட பெரம்பூர் வாசகருக்கு ஒரு வரி: ஆமாம், அப்பா வேலை பார்த்த மில்தான். 1990களில் மூடியது. பி.எஃப். பணம் கைக்கு வருவதற்குள் பட்ட பாடு வேறு கதை. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

18 செப்டம்பர்

எடிசன் நகரில் வாழும் வாசகர் அமெரிக்காவை உள்ளே கொண்டுவந்திருக்கிறார். சரியான இடம்தான், ஏனென்றால் வேட்பாளரின் சொந்த மாநிலம் என்ற சொத்தை அமெரிக்கர்கள் ஆராய்ந்த அளவுக்கு வேறு யாரும் ஆராயவில்லை. அதிபர் தேர்தல் அங்கே மாநிலம் மாநிலமாக எண்ணப்படுவதால், சொந்த மாநிலத்தில் கூடுதலாக எத்தனை வாக்கு என்பது அவர்களுக்கு வெறும் பெருமைப் பேச்சாக இல்லாமல் கணக்காகவே இருக்கிறது. லூயிஸ்-பெக், ரைஸ் என்ற இரு அரசியல் அறிஞர்கள் 1983இல் வெளியிட்ட ஆய்வில், வேட்பாளருக்குத் தம் மாநிலத்தில் சராசரியாக நான்கு சதவீதப் புள்ளிகள் அளவுக்குக் கூடுதல் ஆதரவு கிடைப்பதாகவும், சிறிய மாநிலமாக இருந்தால் அது மேலும் அதிகம் என்றும் கண்டார்கள். மக்கள் குறைவாக இருக்கும் மாநிலத்தில் வேட்பாளரை நேரில் கண்டவர்களின் விகிதம் அதிகமாக இருக்கும். ஆகவே இதில் எனக்கு வியப்பில்லை.

நான்கு புள்ளி என்பது சமமான போட்டியில் பெரிய தொகை. அலை அடிக்கும்போது ஒன்றுமில்லை. 1984இல் வால்டர் மாண்டேல் ஐம்பது மாநிலங்களில் நாற்பத்தொன்பதை இழந்தார். கைவிடாதது அவருடைய சொந்த மினசோட்டா மட்டும், அதுவும் 3,761 வாக்கு வித்தியாசத்தில். தலைநகர் வாஷிங்டன் தனிக் கணக்கு. 2000இல் நடந்தது இதற்கு நேர்மாறு. அல் கோர் டென்னசியின் செனட்டராக இருந்தவர். அவர் தந்தையும் அங்கே செனட்டர். கிளின்டனோடு துணை அதிபர் வேட்பாளராக நின்றபோது 1992, 1996 இரண்டிலும் டென்னசி அவர்களுக்கு விழுந்தது. தாமே அதிபர் வேட்பாளரானபோது சுமார் 80,000 வாக்கில் கைவிட்டது. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் கணக்கில் புஷ் 271, கோர் 266 என்று முடிந்த அந்தத் தேர்தலில் டென்னசியின் 11 தேர்வாளர்கள் கோருக்குக் கிடைத்திருந்தால், ஃபுளோரிடாவில் மறு எண்ணிக்கைக்காகத் துளையிட்ட வாக்குச்சீட்டுகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கவேண்டிய வேலையே வந்திருக்காது.

டிரம்ப் நியூயார்க்கில் பிறந்து வளர்ந்து, பெயரைக் கட்டடங்களில் எழுதிவைத்தவர். அந்த மாநிலத்தை 2016இல் தோற்றார். 2019இல் குடியிருப்பை ஃபுளோரிடாவுக்கு மாற்றிக்கொண்டார். 2020இலும் 2024இலும் நியூயார்க் அவருக்கு விழவில்லை. சொந்த ஊரைத் திருத்த முடியாதவர் ஊரையே மாற்றிக்கொண்டார் என்று எடிசன் நண்பர் எழுதியதை அப்படியே ஏற்கிறேன்.

கமலா ஹாரிஸ் பற்றி எழுதும்படி இரண்டு பேர் வற்புறுத்துகிறார்கள். அவருடைய தாய்வழித் தாத்தாவின் துளசேந்திரபுரத்தில் 2024 நவம்பரில் சிறப்புப் பூசை நடந்தது. கோயில் நன்கொடைக் கல்வெட்டில் அவர் பெயரும் இருக்கிறது. அந்த ஊரும் மன்னார்குடிக்குப் பக்கத்தில்தான். மன்னார்குடி வட்டாரத்தோடு பெயர் சேர்ந்த ஒருவர் ஆர்.கே.நகரை வென்றுகாட்டினார், இன்னொருவரால் பென்சில்வேனியாவை வெல்ல முடியவில்லை. குக்கர் சின்னம் கிடைக்காததுதான் காரணமோ என்னவோ.

21 செப்டம்பர்

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கிறது, மறுபக்கத்தையும் வைக்கிறேன்.

கருணாநிதி 1957இல் குளித்தலையில் தொடங்கி, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணாநகர், எங்கள் துறைமுகம், சேப்பாக்கம் என்று தொகுதி மாறிக்கொண்டே இருந்தவர், தோற்றதே இல்லை. 1991இல் துறைமுகத்தில் 890 வாக்கில் தப்பித்தார். அந்த ஆண்டு திமுக வென்றதே இரண்டு தொகுதிகளில்தான். அவ்வளவு ஊர்களில் நின்றவர், சொந்த மண்ணான திருவாரூருக்குத் திரும்பியது 2011இல். அந்தத் தேர்தலில் அவர் கட்சி ஆட்சியை இழந்தது. திருவாரூர் அவரைக் கைவிடவில்லை. 2016இல் அங்கே அவர் பெற்ற வாக்கு வித்தியாசம் 68,366. மாநிலத்திலேயே அதுதான் அதிகம். தொண்ணூறு வயதைக் கடந்தவர் சக்கர நாற்காலியில் வந்து நின்றபோது, நம் ஊர்ப்பிள்ளை என்ற எண்ணம் அங்கே வேலை செய்யவில்லை என்று சாதிக்க நான் தயாராக இல்லை.

ஆனால் காமராஜர் 1967இல் எங்கே தோற்றார்? பிறந்து வளர்ந்த விருதுநகரில், பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம், 1,285 வாக்கில். முதலமைச்சரானபோது 1954இல் அவரைத் தேர்ந்தெடுத்தது குடியாத்தம். தோல்விக்குப் பிறகு 1969இல் மக்களவைக்கு அனுப்பியது நாகர்கோவில். இரண்டும் அவருடைய ஊரல்ல. அண்ணாவும் பிறந்த காஞ்சிபுரத்தில் 1957இல் வென்று, 1962இல் அதே காஞ்சிபுரத்தில் தோற்றார். நேற்று முன்தினம் ஒருவர் எழுதியபடி, தீர்க்கதரிசிக்குத் தன் ஊரில் மதிப்பில்லை என்ற பைபிள் வசனத்தை ராயபுரத்துக்காரர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆகவே இப்போது என் எண்ணம் இதுதான். வேட்பாளரைப் பற்றி வேறெதுவும் தெரியாதபோது, எந்த ஊர்க்காரர் என்பது வாக்காளருக்குக் கைகொடுக்கிறது. முகவரி தெரியாத இடத்தில் "நம்ம ஊர்ப் பையனாம்" என்ற ஒரு வார்த்தை உதவும். கட்சி, தலைவர், சங்கம், சாதி, பழைய ஆட்சியின் நினைவு என்று அதைவிட நெருக்கமான தகவல் ஏதாவது கிடைத்துவிட்டால் ஊர் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. திருவாரூரில் ஊரும் தலைவரும் கட்சியும் ஒரே ஆளாக வந்து நின்றதால், எது எத்தனை வாக்கைக் கொண்டுவந்தது என்று பிரித்தறிய வழியே இல்லை. விருதுநகரில் அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் ஊரை முந்திக்கொண்டன.

ராதாகிருஷ்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர் அவரை 1998இலும் 1999இலும் மக்களவைக்கு அனுப்பியது. 2004, 2014, 2019 தேர்தல்களில் அனுப்ப மறுத்தது. ஐந்து முறையும் அவர் அதே கொங்குமண்டலத்துக்காரர்தான்.

22 செப்டம்பர்

சாதியைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டேன் என்ற குறை நியாயமானது. ஆனால் அதைத் தொட்டால் இந்த இழை வேறு இழையாகிவிடும். ராயபுரத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்: டி.ஜெயக்குமார் அந்தப் பகுதியிலேயே வளர்ந்தவர்; தெருமுனையில் நின்று பேசக்கூடியவர்; மீனவர்களில் ஒருவர். 1991 தொடங்கி ஐந்து முறை வென்றார். 1996இலும் 2021இலும் தோற்றார். அவர் தோற்ற இரண்டு ஆண்டுகளிலும் ஆட்சியே மாறியது. அலை வரும்போது ஊர்க்காரர், உறவுக்காரர் என்ற வேறுபாடு பார்க்காது என்பதைக் காசிமேட்டில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

28 செப்டம்பர்

ஒருவர் சட்டத்தைக் கேட்டிருக்கிறார்: வெளிமாநிலத்தார் இங்கே நிற்கலாமா? சட்டமன்றத்துக்கு நிற்க, அந்த மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். மக்களவைக்கு நாட்டில் எங்கே வாக்காளராக இருந்தாலும் போதும். அதனால்தான் இந்திரா காந்தி 1978இல் சிக்மகளூருக்குப் போக முடிந்தது; 1999இல் பெல்லாரியில் சோனியா காந்தியும் சுஷ்மா சுவராஜும் மோத முடிந்தது. அந்தத் தேர்தலில் சுஷ்மா கன்னடம் கற்றுக்கொண்டு மேடையில் பேசினார்; சோனியா வென்றார். வென்ற பிறகு அவர் அமேதியை வைத்துக்கொண்டு பெல்லாரியை விட்டுவிட்டார் என்பதைப் பெல்லாரிக்காரர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று அங்கே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மாநிலங்களவைக்கும் அந்தந்த மாநிலத்து வாக்காளராகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2003 வரை இருந்தது. அந்த நிபந்தனையின் லட்சணத்தைப் பாருங்கள்: மன்மோகன் சிங் 1991 முதல் 2019 வரை அசாமின் உறுப்பினர், குவாஹாத்தியில் ஒரு வாடகை வீட்டு முகவரியில் அவர் வாக்காளர். 2003இல் நிபந்தனையே நீக்கப்பட்டது. குல்தீப் நய்யார் தொடுத்த வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. மாநிலங்களின் அவை என்று பெயர் வைத்துக்கொண்டு, அந்த மாநிலத்தில் வசிக்கத் தேவையில்லை என்பது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. இதில் மட்டும் நான் ஊர்ப்பற்றுக்காரன்.

வேட்பாளரிடம் இவ்வளவு தாராளமாக இருக்கும் சட்டம் வாக்காளரிடம் அப்படி இல்லை. வாக்காளர் அந்தத் தொகுதியில் வழக்கமாக வசிப்பவராக இருக்க வேண்டும். அங்கே வீடு சொந்தமாக இருப்பது மட்டும் போதாது. சென்ற மாதம் கடைக்கு ஒடிசா இளைஞர் ஒருவர் வந்தார். கன்டெய்னர் யார்டில் வேலை. நான்கு பேர் சேர்ந்து ஓர் அறையில் தங்கியிருக்கிறார்கள். சொந்த ஊரில் இருக்கும் பெயரை இங்கே மாற்ற வேண்டும் என்றார். படிவம் 8ஐ எடுத்துக் கொடுத்தேன். முகவரிச் சான்று என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு நின்றார். வாடகை ஒப்பந்தம் இல்லை, மின்கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில், கேஸ் இணைப்பு கிடையாது. கடைசியில் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வீட்டு ஓனரைக் கேட்டுட்டு வரேன் சார்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனார். இன்னும் வரவில்லை.

வேட்பாளரின் சொந்த மாநிலம் எதுவானாலும் பரவாயில்லை என்று நான் இவ்வளவு நேரம் வாதாடிய அதே வட சென்னையில்தான், வாக்காளரின் சொந்த மாநிலம் எது என்ற கேள்வி வந்தவுடன் பலருக்கு முகம் மாறுகிறது. "இவங்கல்லாம் இங்க ஓட்டுப் போட ஆரம்பிச்சா என்ன ஆவறது?" என்று, அந்த இளைஞர் படியிறங்கிய மறுநிமிடமே என் வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். அவருடைய தாத்தா நெல்லூரிலிருந்து வந்தவர்.

29 செப்டம்பர்

அந்த வாடிக்கையாளரைக் கிண்டல் செய்வதாக இருவர் வருத்தப்படுகிறார்கள். கிண்டல் இல்லை, அவர் அச்சத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. மேல்கோட்டையில் பிறந்த ஜெயலலிதா 1993இல் காவிரிக்காக மெரினாவில் உண்ணாவிரதம் இருந்தார்; காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2013இல் மத்திய அரசிதழில் வெளியாகும்வரை வழக்காடினார். கண்டியில் பிறந்த மலையாளக் குடும்பத்தவரான எம்.ஜி.ஆரை எதிர்த்து, மலையாளி என்ற பேச்சு மேடைகளில் எழுந்தது. 1977, 1980, 1984 மூன்று தேர்தலிலும் மக்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலைவராக வருகிற ஒருவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிடுகிறது; பெயர் தெரியாமல் வந்து சேரும் ஆயிரம் பேரைப் பற்றி அப்படி எதுவும் தெரிவதில்லை. தெரியாத இடத்தில் ஊர் முன்னால் வந்து நிற்கும் என்று 21ஆம் தேதி வேட்பாளரைப் பற்றி எழுதினேன்; அதே விதி வாக்காளர் பக்கமும் பொருந்துகிறது.

அப்படியென்றால் அந்த அச்சத்துக்கு மருந்தும் அங்கேயே இருக்கிறது என்று பெரம்பூர் வாசகர் எழுதுகிறார்: யார்டில் சங்கம் இருந்தால் அந்த இளைஞரின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்தோணிப்பிள்ளை காலத்துச் சங்கம் இன்று எந்த யார்டில் இருக்கிறது என்பதை அவரே சொல்லட்டும்.

5 அக்டோபர்

மணலி நண்பர் மீண்டும் வந்து, சுற்றி வளைக்காமல் ஒரே கேள்வி கேட்கிறார்: அடுத்த சட்டமன்றத் தேர்தலில் உங்கள் கட்சி ஆர்.கே.நகரில் கோயம்புத்தூர்க்காரரை நிறுத்தினால் நீங்கள் வாக்களிப்பீர்களா?

என் கட்சி எது என்று நான் எங்கும் எழுதவில்லை, இனியும் எழுதப்போவதில்லை. வாக்களிப்பேன், ஆனால் அவரிடம் இரண்டு விஷயம் கேட்பேன். தொகுதி அலுவலகத்தை எந்தத் தெருவில் திறப்பீர்கள், வாரத்தில் எந்த நாள் அங்கே உட்காருவீர்கள் என்பது ஒன்று. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காலை எட்டரை மணிக்கு ஒருநாளாவது நின்றிருக்கிறீர்களா என்பது இரண்டாவது. இதே இரண்டையும் உள்ளூர்க்காரர் நின்றாலும் கேட்பேன். அவரிடம் இரண்டாவது கேள்வியைச் சற்றே மாற்றி, அத்தனை வருடம் அங்கே நின்றவர் என்ன செய்தீர்கள் என்று கேட்பேன்.